பதிப்பாளர் ஒழுகலாறு

1868 ஆம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரம், சேனாவரையர் உரையுடன், அச்சிற் பதிந்து வெளிவந்தது. அதனைப் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. ஏட்டுப் பிரதிகளைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பரிசோதித்தவர் இன்னார், பதிப்பித்தவர் இன்னார் என்று இருவர் பங்கும் தனித்தனியே விளங்கும்படி அந்நூல் வந்தது.

இஃது ஒரு சிறு செய்தியாகவே இன்று தோன்றும். அக்காலத்து நிலையை நினைவிற் கொண்டு நோக்குவார்க்கு அதன் பெருமை புலப்படும். இந்தியாவிலே 1835 ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுத் தொழிலுக்கு இருந்த தடைகளை நீக்கிற்று. அதன் பின்னர்ச் சுதேசிகள் தாமே அச்சுக்கூடங்களை நடத்தத் தொடங்கினர். காகிதத்துக்கும் கூலிக்கும் கையிற் பொருள் உடைய எவரும் நூல் வெளியிடலாம் என்ற நிலை பிறந்தது. நூலை ஏற்கவோ தள்ளவோ சங்கப் பலகை ஒன்றும் இருக்கவில்லை. பழைய நூல்களுக்கோ உரிமை கொண்டாடுவார் எவரும் இலர். அவற்றை இயற்றியவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் பல கழிந்தன. 1867 ஆம் ஆண்டில் ஏற்பட்ட மற்றொரு சட்டம், நூலில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. ஏடு யாருடையது, அதனை இரவிரவாக இருந்து படித்துப் பிழை களைந்தவர் யார் என்று அச்சட்டம் கேட்கவில்லை. சட்டம் கேளாத அப்பெயர்களையும் கூறுவதென்பது, பதிப்பாளர் தாமே தமக்கு விதித்துக்கொண்ட கடமையாகும்.

அக்கடமை புதிதாக வானத்திலிருந்து இறங்கியதன்று. தமிழ் உரையாசிரியர்களிடையே மறுப்புக்கும் ஒரு முறை இருந்தது. தொல்காப்பியத்துக்கு முதலில் உரை கண்டவர் இளம்பூரணர். சேனாவரையர் அவருடைய கருத்துக்களைப் பல இடங்களில் மறுக்கின்றார். மறுக்கும்போதும் அவரை 'உரையாசிரியர்' என்றே சுட்டுகின்றார். அச்சொல் பின்னர் இளம்பூரணருக்கே உரிய சிறப்புப் பெயராக நிலைத்துவிட்டது. கருத்தைத் தகர்த்த கையே பட்டமும் சூட்டியது என்று சொல்லலாம். எல்லாரும் இவ்வளவு பொறுமையுடையராய் இருந்தனர் என்று நினைத்தல் வேண்டா. பதினெட்டாம் நூற்றாண்டிலே சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகர் இயற்றிய இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதிய நூலுக்குச் 'சூறாவளி' என்றே பெயரிட்டார். பெயருக்கு ஏற்ற வேகம் அதனிடத்தில் உண்டு. அச்சூறாவளியை நாவலர் அச்சிட்டார். அது வீழ்த்த முயன்ற இலக்கண விளக்கத்தையும் தமிழுலகம் இழந்துவிடலாகாது என்று கருதி, 1889 ஆம் ஆண்டில் தாமோதரம்பிள்ளை பதிப்பித்தார். வழக்கில் இரு திறத்தார் கூற்றும் கற்பவர் கையில் இருத்தல் வேண்டும் என்பது அக்காலப் பதிப்பாளர் போற்றிய எண்ணங்களுள் ஒன்று.

ஏடுகளின் நிலையோ இரங்கத்தக்கது. தொட்டால் ஓரம் உதிரும், கயிற்றை அவிழ்த்தால் இதழ் ஒடியும், புரட்டினால் துண்டாகும். இவ்வவலத்தைப் பிள்ளை தம் பதிப்புரையிலே உருக்கமாக எடுத்துரைத்திருக்கின்றார். பழைய ஏட்டைப் படியெடுத்து வைக்கும் வழக்கம் குன்றிய வீடுகளில் அது பரணிலே செல்லுக்கு இரையாயிற்று. கோயில்களிலும் அதற்குக் காப்பில்லை. பாண்டிநாட்டுக் கரிவலம்வந்தநல்லூருக்கு உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிச் சென்றபோது, அக்கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் நெருப்பில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது.

இத்தகைய நாளில் ஒருவர் தம் வீட்டு ஏட்டைப் பிறர் கையில் நம்பிக் கொடுப்பது எளிய காரியமன்று. ஏடு திரும்பி வருமோ என்ற ஐயம் ஒருபுறம். கொண்டுபோனவர் அதனால் பேரும் பொருளும் ஈட்டுவார், நமக்கோ ஒன்றும் இல்லை என்ற மனக்குறை ஒருபுறம். இவ்விரண்டையும் தீர்க்க வல்ல மருந்து ஒன்றே இருந்தது. வாங்கிய ஏட்டைப் பழுதின்றித் திருப்பிக் கொடுத்தலும், கொடுத்தவர் பெயரை ஊரோடு சேர்த்து நூலின் முகப்பிலே பொறித்தலும் ஆகிய அதுவே அது. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளிலும் சாமிநாதையரின் முகவுரைகளிலும் ஏடு உதவினோர் பெயர்கள் வரிசை வரிசையாக நிற்பதன் காரணம் இதுவேயாம். மடாதிபதி பெயருக்கு அருகே கிராமத்துக் கவிராயர் ஒருவர் பெயர் நிற்கும். இன்று அப்பக்கங்களை வாசகர் பெரும்பாலும் தள்ளிவிட்டு நூலுக்குள் புகுந்துவிடுகின்றனர். அப்பக்கங்கள் இல்லையேல் அடுத்த நூலுக்கு ஏடே கிடைத்திராது.

ஒரே நூலை இருவர் விரும்பியபோது என்ன நிகழ்ந்தது? இந்நெறிக்கு வந்த பெருஞ்சோதனை அதுதான்.

1880 ஆம் ஆண்டிலே கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியாருக்குப் பின் தமிழாசிரியராக அமர்ந்தவர் சாமிநாதையர். அவ்வாண்டின் ஒக்டோபர் மாதத்தில் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டு பேசினார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் கற்றதாக அவர் சொல்லச் சொல்ல முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவிய அந்த ஒரு வினாவே ஐயருடைய வாழ்வின் போக்கை மாற்றிற்று. அன்று தொடங்கிச் சிந்தாமணி ஏடுகளைத் தேடுவதும், நச்சினார்க்கினியர் உரையோடு ஒப்புநோக்குவதும், குறிப்பெழுதுவதுமாகச் சில ஆண்டுகள் சென்றன.

இந்நிலையில் தாமோதரம்பிள்ளை கும்பகோணத்தில் வழக்கறிஞராக வாழ வந்தார். இருவருக்கும் பழக்கம் உண்டாயிற்று. வயதில் பிள்ளை இருபதாண்டுக்கு மேல் மூத்தவர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். வீரசோழியம், தணிகைப் புராணம், இறையனார் அகப்பொருள் முதலியவற்றை வெளியிட்டுப் பதிப்புத் தொழிலிற் பழுத்த அனுபவம் உடையவர். ஐயரோ அதுவரை பழங்காப்பியம் ஒன்றையும் அச்சிட்டறியாதவர். சிந்தாமணியைப் பதிப்பிக்கும் எண்ணம் பிள்ளைக்கும் முன்பே இருந்தது. ஐயர் சேர்த்து வைத்திருந்ததைத் தம்மிடம் தந்தால் தாமே வெளியிடலாம் என்று அவர் கேட்டார். ஐயர் இணங்கவில்லை. பல ஆண்டுகள் உயிரைக் கொடுத்து உழைத்த உழைப்பை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் ஒருப்படவில்லை. இவ்வரலாற்றை ஐயர் 'என் சரித்திரம்' என்னும் தம் நூலிலே மறையாது எழுதியுள்ளார்.

பிள்ளை கேட்டதும் தவறன்று. ஐயர் மறுத்ததும் தவறன்று. அச்சில் முந்துவது அரிய காரியமும் அன்று. பிள்ளைக்குப் பொருளும் அச்சுக்கூடத் தொடர்பும் இருந்தன. வேறு ஏடுகளைத் திரட்டி அவசரமாக ஒரு சிந்தாமணியை வெளியிட்டிருப்பின், தடுக்க வல்ல சட்டமும் இருந்ததில்லை, தடுக்க வல்ல சபையும் இருந்ததில்லை. அவர் அவ்வாறு செய்யவில்லை. தாம் எடுத்த கலித்தொகையை 1887 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் ஐயருடைய சிந்தாமணியும் வெளிவந்தது. எட்டுத்தொகை நூல் ஒன்றும் ஐம்பெருங்காப்பியத்துள் ஒன்றும் ஓராண்டிலே தமிழருக்குக் கிடைத்தன. இருவரும் ஒரே நூலுக்காகப் போரிட்டிருப்பின், ஒரு நூல் இருமுறை வந்து மற்றொன்று பரணிலேயே கிடந்திருக்கவும் கூடும்.

தன் சமயத்து நூல் அன்று என்பதற்காக ஒரு நூலைக் கைவிடுவதில்லை என்பதும் இவர்கள் கைக்கொண்ட கொள்கை. இதற்காக ஏச்சும் கேட்டார்கள். பிள்ளை சைவர், அவர் பதிப்பித்த வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம், சூளாமணி சைனர் செய்த காப்பியம். ஐயர் திருவாவடுதுறை ஆதீனத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். சிந்தாமணியோ சைன நூல். அதில் வரும் சமயச் சொற்கள் பலவற்றுக்கு அவர் கற்ற நூல்களில் விளக்கம் கிடைக்கவில்லை. விளங்காத இடத்தை ஊகித்து எழுதிவிட்டுப் போவது எளிது. கண்டுபிடிப்பார் அந்நாளில் மிகச் சிலரே. ஐயர் அங்ஙனம் செய்யாது, கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களைத் தேடிச் சென்றார். அவர் சென்ற வீட்டு வாயிலிலே அன்று தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேடம் என்று வினவியபோது, சிந்தாமணியைப் பாராயணம் செய்து அன்று நிறைவேற்றியதாக விடை வந்தது. எந்த நூலைத் தமிழ்ப் புலவர் பலர் பெயரளவிலே அறிந்திருந்தனரோ, அந்த நூல் ஓரிரண்டு தெருவுக்கு அப்பால் வழிபாட்டு நூலாய் வாழ்ந்துகொண்டிருந்தது! ஐயர் அவர்களிடம் மாணாக்கர் போல் அமர்ந்து ஐயம் தெளிந்தார். மணிமேகலையைப் பதிப்பிக்கும்போது பௌத்த சமயக் கருத்துக்களை அறிய ரங்காசாரியரின் உதவியை நாடியதும் இவ்வாறே. தெரியாததைத் தெரியாது என்று கூறி, தெரிந்தாரிடம் சென்று கேட்டு, கேட்டதை அவர் பெயராலேயே வெளியிடுதல் என்ற இம்மூன்றும் அவர் பதிப்பிலே பிரியாமல் நடந்தன.

ஏட்டில் இருப்பதைத் தம் புலமையால் திருத்திவிடாமை இன்னொரு வழக்கம். இதனைக் காப்பது மிகக் கடினம்; ஏனெனில் இங்கே பதிப்பாளருக்குப் பகைவர் அவருடைய புலமையேயாம். யாப்பு அறிந்த ஒருவருக்குச் சிதைந்த அடியைக் கண்டவுடன் கை துறுதுறுக்கும். பொருத்தமான சீர் ஒன்றைத் தாமே இட்டு நிரப்பிவிடலாம். படிப்பவர் வேற்றுமை அறியார். பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது குறிஞ்சிப்பாட்டிலே இவ்விடர்ப்பாடு ஐயருக்கு நேர்ந்தது. கபிலர் மலர்களின் பெயரை அடுக்கிச் சொல்லும் பகுதியிலே சில அடிகள் அவரிடம் இருந்த ஏடுகளில் இல்லை. பூக்களின் பெயரைக் கோத்து இரண்டோரடி கட்டுவது, மகாவித்துவானின் மாணாக்கருக்கு ஒரு நாழிகை வேலை. அவர் கட்டவில்லை, தேடினார். தருமபுரம் ஆதீனத்து ஏட்டிலே அப்பகுதி கிடைத்தது. 1889 ஆம் ஆண்டில் வெளிவந்த பத்துப்பாட்டில் நாம் படிப்பவை கபிலர் சொன்ன பூக்களே. ஏடுகள் தம்முள் மாறுபட்ட இடங்களிலே, தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, கொள்ளாத பாடத்தை அடிக்குறிப்பிலே 'பிரதிபேதம்' என்று காட்டும் முறையையும் ஐயர் மேற்கொண்டார். தாம் கொண்டது பிழையாயின் படிப்பவர் அந்த இடத்திலேயே தம்மைத் திருத்திக்கொள்ளட்டும் என்பது இதன் கருத்து.

ஏடுகள் பற்றிய இச்செய்திப் பரிமாற்றம் தமிழ்நாட்டோடும் ஈழத்தோடும் நின்றதன்று. பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் சூலியன் வின்சோன், ஐயருடைய சிந்தாமணியைக் கண்டு கடிதம் எழுதினார். அந்நகர நூல்நிலையத்தில் இருந்த தமிழ் ஏடுகளைப் பற்றிய செய்தி அவர் வாயிலாக வந்தது. முகம் காணாத இருவர் கடல் கடந்து நூலுதவி பேசிக்கொண்டனர்.

இவ்வளவும் நாணயத்தின் ஒரு முகம். மறுமுகத்தையும் மறைத்தல் ஆகாது. அதே அச்சுக்கூடங்களிலிருந்துதான் கண்டனப் பிரசுரங்களும் வெளிவந்தன. இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் 1867 ஆம் ஆண்டில் திருவருட்பா என்ற பெயருடன் வெளிவந்ததும் எழுந்த பூசலைத் தமிழுலகம் நன்கறியும். திருமுறைகளுக்கு உரிய பெயரைப் புதிய பாடல்களுக்கு இடலாமா என்பது உண்மையான வினாவே. அதைப் பற்றி அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டிருக்கலாம். வாதம் விரைவிலே ஆளைப் பற்றியதாயிற்று. 'போலியருட்பா மறுப்பு' என்றொரு பிரசுரம், அதற்கு மறுப்பு, அம்மறுப்புக்கு மறுப்பு. 1869 ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. முதல்வர்கள் இருவரும் மறைந்து பல ஆண்டுகளின் பின்னும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளையும் செய்குத்தம்பிப் பாவலரும் இரு பக்கமும் நின்று அப்போரைத் தொடர்ந்தனர். அப்பிரசுரங்களுட் சில, எழுதியவர்களின் கல்விக்குச் சிறிதும் ஏற்றனவல்ல. நாவலரின் உரைநடையைப் போற்றுவோரும், வள்ளலாரின் அருளைப் போற்றுவோரும், அத்தாள்களை எடுத்துப் பிறருக்குக் காட்ட இன்று விரும்பார்.

சிந்தாமணி வெளிவந்தபோது ஐயருக்கும் அச்சூழல் வந்து வாய்த்தது. அதிலே பிழைகள் மலிந்துள்ளன என்று கண்டனப் பிரசுரங்கள் எழுந்தன. சிந்தாமணி போன்ற நூலின் முதற்பதிப்பில் பிழையே இல்லை என்று எவரும் கூறார், ஐயரும் கூறவில்லை. ஆயினும் அப்பிரசுரங்கள் பிழையைக் காட்டுவதிலும் பதிப்பாளரை இழித்துரைப்பதிலேயே முனைந்து நின்றன. ஐயர் மனம் புண்பட்டு மறுப்பு எழுதினார். எழுதியதைக் கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையரிடம் காட்டினார். சேஷையர் அதனை வெளியிட விடவில்லை. ஒன்றுக்கு விடை எழுதினால் அதற்கும் ஒரு கண்டனம் வரும், பிறகு அதற்கும் விடை எழுதவேண்டும், செய்யவேண்டிய வேலை இதனால் கெடும் என்பது அவர் எடுத்துரைத்த காரணம். ஐயர் அதனை ஏற்றுக்கொண்டார். கண்டனத்திற் பொருள் இருந்தால் மறுபதிப்பில் திருத்திக்கொள்வது, வெறும் வசையானால் விட்டுவிடுவது என்ற முறைமையையே பின்னர்க் கடைப்பிடித்தார். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பும் மேலும் பல திருத்தங்களுடன் 1907 இல் வந்தது. அன்று கண்டனம் எழுதியவர்களின் பெயரைத் தேடிப் பிடிப்பதே இப்பொழுது ஓர் ஆராய்ச்சி.

1901 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளில் தாமோதரம்பிள்ளை உலக வாழ்வை நீத்தார். சிந்தாமணியைக் கேட்டவருக்காகச் சிந்தாமணியைக் கொடுக்க மறுத்தவர் இரங்கற்பா இயற்றினார். தொல்காப்பியம் முதலிய தொன்னூல்களைப் பதிப்பித்த அருமையே அப்பாட்டின் பொருள்.

பிள்ளையின் பதிப்புக்கும் ஒரு திருத்தம் காத்திருந்தது. 1885 ஆம் ஆண்டில் அவர் தொல்காப்பியப் பொருளதிகாரம் முழுவதையும் நச்சினார்க்கினியர் உரை என்றே வெளியிட்டிருந்தார். அவருக்குக் கிடைத்த ஏடுகள் அவ்வாறு கொள்ளவே இடந்தந்தன. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் 1902 இல் தோன்றியபோது அதன் ஆசிரியராயிருந்த இரா. இராகவையங்கார், பின்னான்கு இயல்களுக்கு வெளிவந்த உரை நச்சினார்க்கினியருடையதன்று, பேராசிரியருடையதே என்று சான்று காட்டி நிறுவினார். மறைந்தவரின் பிழையைக் காட்டுவதில் ஒரு நயம் வேண்டும்; விடை கூற அவர் வாரார். இராகவையங்கார் உரைநடையின் போக்கையும், ஓரிடத்துக் கூற்று மற்றோரிடத்துக் கூற்றோடு மாறுபடுவதையும் கொண்டே வழக்கை முடித்தார். பிள்ளை அப்பொருளதிகாரத்தை அச்சேற்றியிராவிடின் அவ்வாராய்ச்சிக்கே இடம் இருந்திராது.

அத்திருத்தம் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கே வந்து நிறைவெய்தியது. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் பல்லாண்டு தொல்காப்பியத்தைப் பாடஞ் சொல்லி, ஏடுகளோடும் முன்னைப் பதிப்புக்களோடும் ஒப்புநோக்கி எழுதி வைத்திருந்த உரைவிளக்கக் குறிப்புக்களை, ஈழகேசரி நா. பொன்னையா சுன்னாகத்தில் தம் அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார். எழுத்ததிகாரம் 1937 இலும், சொல்லதிகாரம் 1938 இலும் வந்தன. 1943 இல் பொருளதிகாரத்தின் இரண்டாம் பாகம் வந்தது. அதன் முகப்பிலே, பின்னான்கியலும் பேராசிரியமும் என்று, உரைக்கு உரியவர் பெயர் அச்சிடப்பட்டிருந்தது.